நான்காவதும் ஐந்தாவதும்

டனீடினில், மருத்துவரின் மேசைமேல்
ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு.
நான்காவதையும் ஐந்தாவதையும்
இரு விரலால் சேர்த்துப் பிடித்து
'இவை இனி ஒன்று' என்றார்,
கல்யாணம் செய்துவைப்பவர் போல.
நான்கு திருகாணி, இரண்டு கம்பி,
என் இடுப்பிலிருந்தே சுரண்டிய
கொஞ்சம் எலும்புத்தூள்.

'பத்துப் பேரில் ஆறேழு பேர்' என்று தொடங்கினார்.
எனக்கு எண்ணத் தெரியும்.
இருபத்திரண்டு வருடம்
ரோமம் கத்தரித்து, ஆட்டுக்கு ஆடு எண்ணி
கூலி வாங்கியவள்.
பட்டியில் நிற்கும் பத்தில்
நான் எந்த ஆடு என்று கேட்டேன்.
பேனாவை மூடினார்.
நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

மேலே இருக்கும் மூன்றாவது என்ன செய்யும்?
இவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்யும்.
எத்தனை நாள்?
அதற்கும் அவரிடம் ஓர் எண் இருந்தது.
காதில் வாங்கவில்லை.
ஆள் வராத நாளில்
பக்கத்தில் கத்தரிப்பவன் என்ன ஆவான் என்று
எனக்குத் தெரியாதா.

வலியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
காலையில் சாக்ஸ் மாட்டிவிடுவது ராவிரி.
ஒரு கால் முடிந்து மறு காலுக்கு வரும்வரை
இருவரும் ஜன்னலைப் பார்ப்போம்.
இடதுகால் பெருவிரல் என்னுடையதில்லை என்றாகி
இரண்டு குளிர்காலம்.
கொட்டகை உத்தரத்தில் தொங்கும் ஸ்பிரிங் பட்டையில்
நெஞ்சைச் சாய்த்து,
பாதி எடையை மரத்துக்குக் கொடுத்து
கத்தரிக்கிறேன்.
தூளிக் குழந்தை என்று சிரித்த பையன்களில்
இருவர் இப்போது தொங்குகிறார்கள்.

மெக்கர்சி செய்துகொண்டான்.
ஞாயிறானால் கோல்ஃப்.
கேட்டால் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவான்,
கேட்காவிட்டாலும்.
டெரெஹியாவும் செய்துகொண்டாள்.
போனில் நான் கேட்டதும்
அவள் வீட்டுக் கெட்டில் கொதித்து அணையும்வரை பேசவில்லை.
பிறகு, 'இப்போதைய வலி
உனக்குப் பழகிய வலி' என்றாள்.
எந்தப் பக்கம் சாயும் வார்த்தை அது?
மில்டன் வரை யோசித்தபடி ஓட்டினேன்.

கிளின்டன் தாண்டி, வேலிக்கு அப்பால்
ஒரு செம்மறி மல்லாந்து கிடந்தது.
நனைந்த ரோமத்தின் கனம்.
நான்கு கால்களும் வானத்தில் நடந்துகொண்டிருந்தன.
விட்டால் வயிறு உப்பிச் சாகும்,
கடற்காகங்கள் அதுவரைகூடக் காத்திருக்காது.
வேறொருவர் நிலம். வேறொருவர் ஆடு.
கம்பிகளுக்கு அடியில் படுத்து உருண்டு போனேன்.
குனிய வழியில்லை;
மண்டியிட்டுத் தோள்கொடுத்துத் தள்ளினேன்.
புரண்டது. எழுந்தது.
உடனே ஓடாது, தள்ளாடும்;
காலுக்குத் தரை நினைவு வரும்வரை
முழங்காலோடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டும்.
பிடித்திருந்தேன்.

அது போயிற்று.
நான் எழவில்லை.
ஈரப்புல்லில் மல்லாந்து,
போன் வண்டியில்,
தூறல் முகத்தில்.
சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.
அரைமணி கழித்து ஒரு பால்லாரிக்காரன்
வேலி தாண்டி வந்து
'எங்கே பிடிக்கட்டும்?' என்றான்.
அக்குளில் என்றேன்.
நின்ற பிறகும்
நான் சொல்லும்வரை விடவில்லை.
ஆடு வளர்த்த வீட்டுப் பையனாக இருக்கவேண்டும்.

படிவம் ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்.
வியாழனுக்குள் அனுப்ப வேண்டும்.
ராவிரி ஒன்றும் சொல்வதில்லை;
நூல் கட்டி ஒரு பேனாவை மட்டும்
பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறான்.
பெயர், வயது, ஒவ்வாத மருந்து
எல்லாம் எழுதியாயிற்று.
'தொழில்' என்ற கோட்டில்தான்
மூன்று நாளாக நிற்கிறது.

வளைந்து கொடுத்தே பிழைத்த இடம் அது.
இனி வளையாதே என்று
அதனிடம் உலோகத்தால் சொல்லவேண்டும்.

இன்று விடியுமுன்
'ஆட்டு ரோமம் கத்தரிப்பவள்' என்று எழுதினேன்.
இன்னுமா, முன்பா
என்று படிவம் கேட்கவில்லை.
கையெழுத்தையும் நின்றுகொண்டே போட்டேன்.
உட்கார்ந்தால்
எழுந்திருக்க வேண்டும்.